முற்றியும் கடைத்தெருவுக்கு வராத கத்தரிக்காய்

"கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே தீர வேண்டும்" என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். மூடி வைத்த விஷயம் ஒரு நாள் வெளியே வந்துவிடும் என்பது அதன் பொருள். ஆனால் முற்றி, பறித்து, பல வருடம் சோதித்து, மத்திய அரசின் நிபுணர் குழுவிடம் ஒப்புதலும் பெற்ற பிறகு, கடைத்தெருவுக்கு வராமலே நின்றுவிட்ட கத்தரிக்காய் ஒன்று உண்டு. அது நின்றது 2010-ஆம் ஆண்டில். நிற்பதற்கு மூன்று நாள் முன்பு அதைப் பற்றிக் கடைசியாகப் பொது விசாரணை நடந்த ஊர் நம் பெங்களூர்தான். நம்மில் பலருக்கு இது மறந்தே போயிருக்கும்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். நான் விஞ்ஞானி அல்லன். வேலூரில் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் காலம் தள்ளி, காக்ஸ் டவுனில் வீடு கட்டிக் கொண்டு ஓய்வு பெற்றவன். ஆனால் என் தம்பி கத்தரி பயிரிடுகிறவன். அவன் என்னிடம் கேட்ட மூன்று கேள்விகளுக்கு என்னால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. அதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

மார்க்கெட்டில் ஒரு காலை

காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பை தூக்கிக் கொண்டு போவது ஓய்வுக்குப் பின் என் வேலை. "சொத்தை இல்லாததாப் பார்த்து எடுங்க" என்று மனைவி சொல்லி அனுப்புவாள். நானும் ஒவ்வொரு கத்தரிக்காயாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒரு நாள் காய்க்கார அம்மா சிரித்துக் கொண்டே, "சார், புழு இருந்தா மருந்து கம்மின்னு அர்த்தம். பளபளன்னு இருக்கிறதைத்தான் பார்த்துச் சாப்பிடணும்" என்றார். வியாபாரத்துக்காகச் சொன்னாலும் அதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பளபளப்புக்கு என்ன விலை என்பதை நான் ஊரில் பார்த்திருக்கிறேன்.

தம்பியின் தோட்டம்

எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு வட்டாரம். அந்தப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரி பெயர் பெற்றது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தம்பி அப்பாவின் நிலத்திலேயே நின்றுவிட்டான். நான் ரயிலேறி வந்துவிட்டேன்.

2008 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, தம்பி முதுகில் டேங்கைக் கட்டிக் கொண்டு கத்தரிக்கு மருந்தடித்துக் கொண்டிருந்தான். முகத்துக்கு ஒரு துண்டு, கைக்கு உறை கிடையாது. வெயில் ஏறியதும் தலை சுற்றுகிறது என்று வரப்பில் உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். வாயில் நுரை. பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளில் நடுவே உட்கார வைத்து, பின்னால் நான் பிடித்துக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன அந்த அரை மணி நேரத்தை இன்றும் மறக்க முடியவில்லை. தெய்வாதீனமாகப் பிழைத்தான். மூன்றாம் நாள், "இனிமே அடிக்காதடா" என்றேன். "அடிக்கலைன்னா காயே வீட்டுக்கு வராதுண்ணா" என்றான்.

அவன் சொன்னதிலும் தப்பில்லை. தண்டு மற்றும் காய்த்துளைப்பான் என்ற புழுதான் கத்தரியின் முதல் எதிரி. அந்துப்பூச்சி இலையில் முட்டை இடுகிறது. வெளிவரும் சின்னஞ்சிறு புழு முதலில் குருத்துக்குள் நுழைகிறது. பிறகு காய்க்குள் நுழைகிறது. நுழைந்த பிறகு வெளியே எவ்வளவு மருந்தடித்தாலும் அதன்மேல் படாது. ஆகவே நுழைவதற்கு முன் கொல்ல வேண்டும் என்று விவசாயி திரும்பத் திரும்ப அடிக்கிறான். அது நம் சாம்பார் வரைக்கும் வருகிறது.

பி.டி. கத்தரி

இந்தப் புழுவுக்கு மாற்று தேடித்தான் பி.டி. கத்தரி வந்தது. மண்ணில் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. அது உண்டாக்கும் ஒரு புரதம் சில வகைப் புழுக்களின் குடலைப் புண்ணாக்கிக் கொன்றுவிடும். புழுவின் குடல் காரத்தன்மை உள்ளது. அங்கேதான் அந்தப் புரதம் வேலை செய்யும். நம் வயிற்றிலோ அமிலம், அந்தப் புரதம் பிடித்துக் கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை என்பது விஞ்ஞானிகள் தரும் விளக்கம். அந்தப் புரதத்துக்கான மரபணுவைச் செடிக்குள்ளேயே புகுத்திவிட்டால், காயைக் கடித்த புழு தானே சாகும். இதே முறையில் செய்த பி.டி. பருத்திக்கு நம் நாட்டில் 2002 மார்ச்சில் அனுமதி கிடைத்தது.

கத்தரியில் இதைச் செய்தது மகாராஷ்டிரத்தின் மஹிகோ கம்பெனி. கம்பெனியின் வீரிய ஒட்டு விதைகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதே மரபணுவைக் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், தார்வாட் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகமும் பெற்று, தங்கள் வட்டார ரகங்களில் ஏற்றின. கோவையில் கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 ஆகிய நான்கு ரகங்கள். தார்வாடில் மலாப்பூர் லோக்கல், உடுப்பி லோக்கல் உள்ளிட்ட ஆறு ரகங்கள். ஆக, நாம் பிறந்த மாநிலமும் பிழைக்க வந்த மாநிலமும் இரண்டுமே இதில் பங்காளிகள்.

பெங்களூரில் முடிந்த விசாரணை

2009 அக்டோபர் 14 அன்று மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பி.டி. கத்தரிக்குப் பச்சைக் கொடி காட்டியது. உடனே நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், "மக்களைக் கேட்ட பிறகே முடிவு" என்று சொல்லிவிட்டு, 2010 ஜனவரி 13 அன்று கொல்கத்தாவில் ஆரம்பித்து, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத் என்று போய், பிப்ரவரி 6 சனிக்கிழமை பெங்களூரில் முடித்தார். எல்லா இடங்களிலும் விவசாயிகள், விஞ்ஞானிகள், நுகர்வோர் சங்கத்தார் என்று பெரும் கூட்டம், பெரும் கூச்சல். பிப்ரவரி 9 அன்று அவர் முடிவை அறிவித்தார். பொதுமக்களும் நிபுணர்களும் திருப்தி அடையும்படி தனித்த ஆய்வுகள் பாதுகாப்பை நிலைநாட்டும் வரை பி.டி. கத்தரி நிறுத்தி வைக்கப்படும் என்பது முடிவு. தள்ளுபடி அல்ல, நிறுத்திவைப்பு. அந்த நிறுத்தம் இன்றுவரை நீங்கவில்லை.

அன்றிரவு தம்பிக்குப் போன் செய்தேன். "உனக்காகத்தான் ஒண்ணு வந்துச்சு, நிறுத்திட்டாங்களேடா" என்று வருத்தப்பட்டேன். அவன் வருத்தப்படவில்லை. கேள்விதான் கேட்டான்.

"அந்த விதையை நானே எடுத்து வெச்சுக்கலாமாண்ணா? கெடுதல் இல்லைன்னு யாரு பார்த்துச் சொன்னாங்க? அந்தக் காயைக் கொண்டு போனா மண்டியில வாங்குவானா, இல்ல எல்லாக் காயோடயும் சேர்த்துக் கொட்டிடுவானா?"

எட்டாம் வகுப்பு படித்தவன் கேட்ட கேள்விகள் இவை. பிறகு நான் தேடிப் படித்ததில், புதுவகைக் காய்கறியைச் சந்தைக்குக் கொண்டு வருவதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது என்று கண்டு கொண்டேன்.

விதை யாருடையது?

வீரிய ஒட்டு விதை என்றால் வருடா வருடம் கடையில் வாங்க வேண்டும். பல்கலைக்கழக ரகம் என்றால் விவசாயி தானே விதை எடுத்து வைத்துக் கொள்ளலாம். ஆகவே தம்பியின் முதல் கேள்விக்கு ஓரளவு நல்ல பதில் இருந்தது. ஆனால் அங்கேயும் ஒரு வழக்கு முளைத்தது. உள்ளூர் ரகங்களைப் பல்லுயிர்ச் சட்டப்படி அனுமதி பெறாமல் எடுத்துவிட்டார்கள் என்று பெங்களூரைச் சேர்ந்த என்விரான்மென்ட் சப்போர்ட் குரூப் 2010-இல் புகார் கொடுத்தது. சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையம் 2011-இல் சட்ட நடவடிக்கை எடுப்பதென்று முடிவு செய்தது. தலைமுறை தலைமுறையாக உழவர்கள் காத்து வந்த விதையைத் தொடுவதற்கு முன் அவர்களைக் கேட்க வேண்டும் என்பது நியாயந்தானே. விதை விஷயத்தில் சந்தேகம் வந்துவிட்டால் மற்ற நல்ல குணங்களைச் சொல்லி விற்க முடியாது.

சோதித்தது யார்?

இந்த இடத்தில் என் தொழிலிலிருந்து ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரயில்வேயில் புதுப் பாதை போட்டால், போட்ட எஞ்சினியர் சொன்னார் என்பதற்காகப் பயணிகள் வண்டியை விட்டுவிட முடியாது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார்! வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகுதான் புரிந்தது. போட்டவனும் பார்ப்பவனும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. நாங்கள் ராப்பகலாக உழைத்துப் போட்ட பாதையை அவர் குறை சொன்னால் கோபம் வரும். ஆனால் மக்கள் ரயிலை நம்பி ஏறுவதற்கு அந்தக் கையெழுத்தும் ஒரு காரணம்.

பி.டி. கத்தரிக்கு அப்படி ஒரு கையெழுத்து இல்லை. சோதனைகள் நடக்கவில்லை என்பதல்ல; பல வருடம் நடந்தன. ஆனால் அந்த ஆதாரங்களில் பெரும்பகுதி கம்பெனி தானே செய்தோ, தன் செலவில் வெளி ஆய்வுக்கூடங்களில் செய்வித்தோ கொடுத்தவை. சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு இல்லை என்பதை அமைச்சரே தம் முடிவில் ஒரு காரணமாகக் காட்டினார். அத்தகைய ஆணையம் அமைக்கும் மசோதா 2013 ஏப்ரலில் மக்களவைக்கு வந்தது. 2014-இல் அவை கலைந்ததோடு அதுவும் காலாவதியானது. காய் பயிராகிவிட்டது, கையெழுத்துப் போட ஆளில்லை.

கூடையில் லேபிள் ஏது?

சரக்கு வேகன் ஒவ்வொன்றுக்கும் லேபிள் உண்டு. எங்கிருந்து, எங்கே, உள்ளே என்ன என்று எழுதியிருக்கும். லேபிள் இல்லாத வேகனை எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் சீந்த மாட்டார். டப்பாவில் அடைத்த உணவுக்கும் அதே போல் எழுதி ஒட்டலாம். மரபணு மாற்றிய உணவுப் பொட்டலங்களில் அதைக் குறிக்க வேண்டும் என்ற விதி 2013 ஜனவரியில் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கத்தரிக்காய்? தோட்டத்திலிருந்து சாக்கில் மண்டிக்குப் போகிறது. அங்கே பத்துத் தோட்டத்துக் காயோடு சேர்ந்து ஏலம் போகிறது. அதிகாலையில் லாரியேறிக் கலாசிபாளையம் வந்து, மறுபடி கூறு பிரிந்து, காக்ஸ் டவுன் தள்ளுவண்டியில் குவிகிறது. எந்தக் காய் எவர் தோட்டத்தது என்று காய்க்கார அம்மாவுக்கே தெரியாது. வேண்டாம் என்பவர் விலக முடியாது. மருந்தடிக்காத காய்தான் வேண்டும் என்பவர் தேடி எடுக்கவும் முடியாது. அதைச் சிரமப்பட்டு விளைவித்த தம்பிக்கு ஒரு ரூபாய் கூடக் கிடைக்காது.

பிரித்து அனுப்ப முடியுமா என்றால், முடியும் என்று காட்டியவர்கள் ஹவாய்த் தீவின் பப்பாளி விவசாயிகள். 1992-இல் அங்கே புனா வட்டாரத்தில் வளைபுள்ளி வைரஸ் நோய் வந்து தோட்டங்கள் அழிய ஆரம்பித்தன. டென்னிஸ் கொன்சால்வஸ் என்ற விஞ்ஞானியின் குழு அந்த நோயைத் தாங்கும் மரபணு மாற்றுப் பப்பாளியை உருவாக்கியது. 1998-இல் விவசாயிகளுக்கு விதையை இலவசமாகவே கொடுத்தார்கள். தொழில் பிழைத்தது. ஆனால் அவர்களுடைய முக்கிய வாடிக்கையாளரான ஜப்பான், மாற்றாத பப்பாளிதான் வேண்டும் என்றது. மரங்களைச் சோதித்து, தோட்டம் பிரித்து, சான்றிதழோடு தனியாக ஏற்றுமதி செய்தார்கள். ஜப்பான் புதுப் பப்பாளிக்குக் கதவு திறந்தது 2011 டிசம்பரில். பதின்மூன்று வருடம்!

கலிபோர்னியாத் தக்காளியின் கதை

லேபிளும் இருந்து, அனுமதியும் இருந்து, மக்களும் விரும்பி வாங்கி, அப்படியும் தோற்ற காய் ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் கால்ஜீன் கம்பெனி கொண்டு வந்த ஃபிளேவர் சேவர் தக்காளி அது. 1994 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதித்தது. உலகில் விற்பனைக்கு வந்த முதல் மரபணு மாற்று முழு உணவு அதுவே.

தூரத்துக்குப் போகும் தக்காளியைப் பச்சையாகவே பறித்து, பிறகு எத்திலீன் வாயு கொடுத்துச் சிவக்க வைப்பது அங்கே வழக்கம். அதனால் ருசி இருக்காது. கொடியிலேயே பழுக்கவிட்டுப் பறித்தாலும் சீக்கிரம் குழையாமல் இருப்பதற்காக, குழைவை உண்டாக்கும் மரபணுவை அடக்கி வைத்தார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் அந்த மரபணுவை ஏற்றிய தக்காளி ரகங்கள் வயலில் சரியாகக் காய்க்கவில்லை. பழுத்த பழம், கெட்டியான பச்சைக் காய்க்காகச் செய்த இயந்திரங்களில் அடிபட்டது. பறித்து, பொறுக்கி, அடுக்கி, அனுப்பும் செலவு விற்ற விலையைத் தாண்டியது. சில வருடங்களிலேயே கடைகளிலிருந்து மறைந்துவிட்டது. கம்பெனியும் 1997-இல் மான்சான்டோவின் கைக்குப் போனது.

இதைப் படித்தபோது எனக்குப் பங்காருப்பேட்டை ஞாபகம் வந்தது. கோலார்த் தக்காளி விளையும் பூமி அது. கிரேட்டில் அடுக்குவதில் ஒரு விரற்கடை தப்பினாலும் அடித்தட்டு நசுங்கிச் சாறு ஒழுகும் என்பது அங்கே கூலியாளுக்கும் தெரியும். 2010 பிப்ரவரியில், அதாவது பி.டி. கத்தரி நின்ற அதே மாதத்தில், டெல்லி தேசியத் தாவர மரபணு ஆராய்ச்சி நிலையத்தார் 45 நாள் வரை குழையாத தக்காளியை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய செய்தி வெளிவந்தது. பெருமைக்குரிய சாதனை. ஆனால் அந்தத் தக்காளி நம் மார்க்கெட்டுக்கு வரவில்லை. நம் பக்கத்து ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், மூன்று நோய்களைத் தாங்கும் அர்க்கா ரக்ஷக் தக்காளியை வழக்கமான ஒட்டு முறையிலேயே கொண்டு வந்தது. அது விவசாயிகளிடம் போய்ச் சேர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் ஜெயிப்பது ஒன்று, மண்டி வரை வந்து ஜெயிப்பது இன்னொன்று.

20 கிலோமீட்டர் வேகம்

புதிதாகப் போட்ட தண்டவாளத்தில் நாங்கள் முதல் நாளே எக்ஸ்பிரஸ் விடுவதில்லை. டிரைவருக்கு எச்சரிக்கைச் சீட்டுக் கொடுத்து, 20 கிலோமீட்டர் வேகத்தில் விடுவோம். ஜல்லி இறுக இறுக வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுவோம்.

பக்கத்து வங்கதேசம் பி.டி. கத்தரியில் ஏறக்குறைய இதைச் செய்தது. 2013 அக்டோபரில் அனுமதி. 2014 ஜனவரியில் வெறும் 20 விவசாயிகளுக்கு நாற்று. அதுவும் அரசு ஆராய்ச்சி நிலையம் தன் நாட்டு ரகங்களில் ஏற்றிக் கொடுத்தது. முதல் வருடம் சில தோட்டங்களில் செடி வாடியது. பத்திரிகைகளில் சண்டை நடந்தது. ஆனாலும் 2018-க்குள் விவசாயிகளின் எண்ணிக்கை 27 ஆயிரத்தைத் தாண்டியது. பூச்சிமருந்துச் செலவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக அங்கே நடந்த ஆய்வு சொல்லிற்று. இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் வரப்பில் சாய்ந்த தம்பியின் முகம்தான் எனக்கு முன்னால் வரும்.

கதவை மூடி வைத்தால் ஒன்றும் வராது என்று நினைப்பதும் தவறு. 2019-இல் ஹரியானாவின் ஃபதேஹாபாதில் அனுமதியில்லாத பி.டி. கத்தரி வயலிலேயே வளர்ந்து நின்றது கண்டுபிடிக்கப்பட்டு, பிடுங்கி அழிக்கப்பட்டது. லேபிளும் இல்லை, கையெழுத்தும் இல்லை, திருட்டு வண்டி! 2020-இல் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் மரபணுவைக் கொண்ட வேறு இரண்டு கத்தரி ரகங்களைத் தமிழ்நாடு, கர்நாடகம் உள்ளிட்ட எட்டு மாநிலங்களில் வயலில் சோதிக்க மத்தியக் குழு அனுமதித்தது. மாநில அரசுகளின் சம்மதமும் வேண்டும் என்பது நிபந்தனை.

பாதையைத் திறந்துவிட்டால் வேலை முடிந்ததும் இல்லை. கீமேன் தினமும் சுத்தியலோடு நடந்து பார்த்தாக வேண்டும். பி.டி. பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்த்து நிற்கப் பழகிவிட்டது என்ற செய்தி குஜராத்திலிருந்து 2010-இல் வந்தது. கத்தரிப் புழு மட்டும் சும்மா இருக்குமா?

எங்கள் வீட்டுத் தீர்ப்பு

எங்கள் வீட்டில் இது பற்றி இரண்டு கட்சி. உயிரித் தொழில்நுட்பம் படித்த மகள், "பி.டி. பருத்திக்கொட்டை எண்ணெய் நம்ம நாட்டுல சமையலுக்குப் போயிட்டுதானே இருக்கு, கத்தரிக்காய்க்கு மட்டும் ஏம்ப்பா பயம்?" என்பாள். மனைவியோ, "எது எதுன்னு சொல்லி வித்தா நான் யோசிச்சு வாங்குவேன். சொல்லாம என் பையில போடக் கூடாது" என்பாள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி நான் இருவரிடமும் வாங்கிக் கட்டிக் கொள்வேன்.

தம்பி இப்போது இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறான். வாடிய குருத்தைப் புழுவோடு கிள்ளி எரிக்கிறான். மருந்து குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. அடிக்கும்போது முகமூடியும் கையுறையும் போடுகிறான். அதற்கு அவன் மகனைத்தான் பாராட்ட வேண்டும். போன பொங்கலுக்கு ஒரு பை முள்ளுக்கத்தரி கொண்டு வந்தான். காம்பு முள் கையில் குத்தக் குத்த நறுக்கி, மனைவி எண்ணெய்க் கத்தரிக்காய் செய்தாள். சாப்பிட்டுக் கொண்டே தம்பியிடம், "அந்த பி.டி. கத்தரி மறுபடி வந்தா போடுவியாடா?" என்று கேட்டேன்.

"நான் கேட்ட மூணுக்கும் பதிலோட வரட்டும்ணா. நாலு வரிசை போட்டுப் பார்க்கிறேன்" என்றான்.

எல்லாத் தோட்டமும் அல்ல, நாலு வரிசை. ரயில்வேயில் அதற்குப் பெயர் 20 கிலோமீட்டர் வேகம். அவன் எங்கள் இலாகாவுக்கு வந்திருந்தால் நல்ல எஞ்சினியராக இருந்திருப்பான் என்று நினைத்துக் கொண்டேன்.